நடுச்சாமத்தில் எழும் நோயாளர்

என் பெரியம்மா காய்ச்சலுக்காக ஒன்பது நாள் வைத்தியசாலையிற் படுத்திருந்தார். அங்கே அவருக்கு யாதோர் இடரும் நேரவில்லை. வீடு திரும்பிய இரண்டாம் இரவு, மலசலகூடத்துக்குத் தனியே எழுந்து சென்றவர் நிலைப்படியிற் கால் தட்டி விழுந்தார். தொடையென்பின் கழுத்து முறிந்தது. மகள் அடுத்த கட்டிலிலேதான் உறங்கிக்கொண்டிருந்தாள். "ஏனம்மா என்னைக் கூப்பிடேல்லை?" என்று அவள் அழுதபோது, "நீ அலுத்துப்போய் நித்திரை, பிள்ளை. எழுப்ப மனம் வரேல்லை" என்றார்.

முதியோர் விழுந்தால் அவர்களது கவனக்குறைவென்று ஏசுகிறோம். பிறருக்குத் தொல்லை கொடுக்கலாகாது என்னும் நல்லெண்ணமே பலரை வீழ்த்துகிறது என்பேன். உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 684,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2021 இல் கணித்தது.

படுக்கையினின்றும் சடுதியாக எழும்போது அரை லீற்றருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இளையோருக்கு இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையாது காக்கின்றன. மூத்தோரிடத்து இது தாமதமாகவே நிகழும். இரத்த அமுக்கத்துக்கு உண்ணும் மருந்துகளும் சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளும் நிலைமையை இன்னும் மோசமாக்கக் கூடும். நித்திரைக் குளிசையோ நிதானத்தையே கெடுக்கும். போதாக்குறைக்கு, நாட்கணக்காகப் படுத்திருந்தவரின் தொடைத் தசைகள் மெலிந்துமிருக்கும். ஆதலால், கட்டிலோரத்திற் கால்களைத் தொங்கவிட்டு இரண்டொரு நிமிடம் அமர்ந்திருந்த பின்னரே எழுந்து நிற்றல் வேண்டும். தலை சுற்றினால் மறுபடி இருந்துவிடுக. எந்தக் குளிசையால் மயக்கம் வருகிறதென்று வைத்தியரைக் கேட்பதில் வெட்கமில்லை.

வைத்தியசாலையிற் கட்டிலின் பக்கக் கம்பிகளை உயர்த்திவிட்டாற் போதுமென்று உறவினர் நினைப்பதுண்டு. மனந்தடுமாறிய நோயாளி அவற்றின்மேல் ஏறி விழுந்தாற் காயம் பெரிதாகும். கட்டிலைத் தாழ்த்திச் சில்லுகளைப் பூட்டுமாறு தாதியாரிடம் கேளுங்கள். மூக்குக்கண்ணாடியும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வீட்டில் மலசலகூடம் வரையுள்ள வழியை, விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். சுருண்ட பாய், ஈரச் சீமெந்து, நிலைப்படி, கிணற்றடிப் பாசி, நிலத்திலே புரளும் சாரம் ஆகிய யாவும் அப்போது புலப்படும். கால்களுக்கு வலுவும் வேண்டும். வீட்டில் வாழும் முதியோர் உடற்பயிற்சி செய்தால் வீழ்ச்சிகள் 23 சதவீதம் குறைகின்றன என 2019 இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. வைத்தியர் அனுமதித்தால், கதிரையிலிருந்து எழுந்து மீண்டும் அமர்வதையே நாள்தோறும் பழகலாம்.

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்த முனையாதீர்கள். ஒரு கால் குறுகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் என்பு முறிந்திருக்கக் கூடும். அசைக்காமல், 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து பெரியம்மா இப்போது தடியூன்றி நடக்கிறார். தலையணையருகே பழைய பூசை மணியொன்றை மகள் வைத்திருக்கிறாள். முதலிரவில் அதை நான்கு தடவை அடித்தாராம். மூன்று தடவை, மகள் வருகிறாளா என்று பார்ப்பதற்காக.