கடன் கிடைக்கிறது, வீடு எட்டுகிறதா?

கணவன், மனைவி இருவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம், தலா 1,700 வெள்ளி. குடும்ப வருமானம் மாதம் 3,400, ஆண்டுக்கு 40,800 வெள்ளி. வீட்டு விலை ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் அது வாங்கக்கூடிய விலை என்பது உலகளவில் பயன்படும் அளவுகோல். அதன்படி இவர்களுக்கு ஏற்ற வீடு சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் வெள்ளி. ஆனால் 2019-இல் வந்த தேசிய மலிவுவிலை வீட்டுக் கொள்கை, மலிவு வீட்டின் உச்ச விலையை 3 லட்சம் வெள்ளி என்று வைத்தது. அது இவர்களின் ஏழாண்டு வருமானத்துக்கும் மேல்.

விலையேற்றத்தைத் தடுக்க அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2010 நவம்பரில் மூன்றாவது வீட்டுக் கடனை 70 விழுக்காட்டோடு பேங்க் நெகாரா நிறுத்தியது. 2013-இல் தவணைக் காலத்தை 35 ஆண்டாகக் குறைத்தது. கட்டுமானக் காலத்து வட்டியை மேம்பாட்டாளரே கட்டும் திட்டம் 2014 வரவு செலவுத் திட்டத்தில் தடை செய்யப்பட்டது. இவை வீடுகளை வாங்கி விற்று லாபம் பார்த்தவர்களுக்குப் போட்ட கடிவாளம்.

மறுபக்கம், முதல் வீடு வாங்குவோருக்குக் கதவு திறக்கப்பட்டது. 2011-இல் வந்த 'என் முதல் வீடு' திட்டம் முன்பணம் இல்லாமல் முழுக் கடனுக்கு வழி செய்தது. சம்பளச் சீட்டு இல்லாத அங்காடி வியாபாரிகள், இ-ஹெய்லிங் ஓட்டுநர்கள் போன்றோருக்கு அரசாங்கமே வங்கியிடம் உத்தரவாதம் தருகிறது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் 40,000 பேருக்காக இதற்கு 1,000 கோடி வெள்ளி வரை அறிவிக்கப்பட்டது. 2025-இல் முதல் வீட்டுக் கடன் வட்டிக்கு 7,000 வெள்ளி வரை வரிச் சலுகையும் வந்தது. ஆனால் 1,700 வெள்ளி சம்பளக்காரர் வருமான வரியே கட்டுவதில்லை. அவருக்கு அந்தச் சலுகையால் ஒரு காசும் மிச்சமில்லை.

இங்கேதான் கொள்கையின் ஓட்டை தெரிகிறது. உத்தரவாதம் காப்பது வங்கியின் பணத்தை. மாதத் தவணை குடும்பத்தின் தலையில்தான். 3 லட்சம் வெள்ளிக் கடனுக்கு 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுத் தவணை ஏறக்குறைய 1,328 வெள்ளி. சேமநிதி பிடித்தம் போக அந்தத் தம்பதியின் கைக்கு வருவது சுமார் 3,026 வெள்ளி. அதில் நூற்றுக்கு 44 வெள்ளி வீட்டுக்கே போய்விடும். வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் தவணை 1,514 ஆகும். இது வெறும் கற்பனையல்ல. 2022 மே முதல் 2023 மே வரை பேங்க் நெகாராவின் வட்டி விகிதம் 1.75-இலிருந்து 3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் வயது. வேலை இருக்கும்வரை லயத்து வீடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பொதுவாக வங்கிகள் 70 வயதுக்குள் கடனை முடிக்கச் சொல்கின்றன. 50 வயதில் போனால் 20 ஆண்டுதான். அதே கடனுக்கு மாதம் 1,818 வெள்ளி. கடைசியில் கடன் மகன், மகள் பெயரில் ஏறுகிறது. தவணை தவறினால் அவர்களின் கடன் பதிவேடு கெடும். வீடு ஏலம் போன பிறகும் மீதிக் கடன் அவர்களைத் துரத்தும்.

கடனை எளிதாக்கினால் வாங்குபவர் கூடுவார், விலை குறையாது. 1 லட்சம் வெள்ளியை ஒட்டிய வீடுகளும் நியாயமான வாடகை வீடுகளும் கட்டப்பட்டால்தான் இந்தக் குடும்பங்களுக்கு விடிவு. அதுவரை, கையெழுத்துப் போடும் முன் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே ஆலோசனை மையத்தில் இலவசமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. வங்கி எவ்வளவு தரும் என்பதைவிட, மாதா மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதே முதல் கேள்வி.