விடை கண்டோம், போக்கைக் கண்டோமா?

நேரியல் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தொகுதி என்றதும் நாம் என்ன செய்கிறோம்? அணியை எழுதுகிறோம், ஐகன் மதிப்புகளைக் காண்கிறோம், அடுக்குக்குறிச் சார்புகளைக் கூட்டி, விடையின் கீழ் இரண்டு கோடு இழுத்துவிடுகிறோம். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. அத்தொகுதி எப்படி நடந்துகொள்ளும் என்று யாரேனும் கேட்டால் விழிக்கிறோம். நானும் விழித்தவன்தான்.

கம்பம்மெட்டிலிருந்து மலைச்சாலையில் இறங்கும்போது கம்பம் பள்ளத்தாக்கு கண்ணுக்குக் கீழே விரியும். அங்குள்ள வயல்களின் பச்சைக்கு 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையே காரணம். மேற்கே ஓட வேண்டிய நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்து, வயல்களில் பாய்ந்து, எஞ்சியது வைகை அணையைச் சேர்கிறது.

சென்ற விடுமுறையில், ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கிய என் சித்தப்பா கேட்டார்: "மேலே மழை நின்னுபோச்சு. கீழே வைகையில மட்டும் தண்ணி இன்னும் ஏறுதே, எப்படிடா?" எனக்கு வாய் வரவில்லை. இதே கணக்கை அந்த ஆண்டுத் தேர்வில் பிழையின்றிப் போட்டவன் நான்!

கணக்கு மிக எளிது. மேல்தொட்டி நாளொன்றுக்குத் தன் இருப்பில் ஐந்தில் ஒரு பங்கு வீதத்திலும், கீழ்த்தொட்டி பத்தில் ஒரு பங்கு வீதத்திலும் நீரை விடுவதாகக் கொள்வோம். எண்கள் என் கற்பனை. ஐகன் மதிப்புகள் இரண்டும் குறை எண்கள். எனவே இறுதியில் இரண்டு தொட்டியும் வற்றியே தீரும். ஆனால் 'இறுதியில்' என்பது 'உடனே' அன்று. தொடக்கத்தில் கீழ்த்தொட்டி வெறுமையாக இருந்தால், அது ஏறக்குறைய ஏழு நாள் ஏறிக்கொண்டே போய், மேலே முதலில் இருந்த நீரில் சரிபாதியைத் தொட்ட பிறகே இறங்கத் தொடங்கும். குறை எண்ணைக் கண்டவுடன் "தேயும்" என்று எழுதிவிட்டு நகர்ந்த என் கண்ணுக்கு இந்த ஏற்றம் படவே இல்லை. இப்படித் தொட்டிகளை வரிசையாக அடுக்கித்தான் 1957இல் நாஷ் என்பவர் ஆற்று வெள்ளத்தின் வடிவத்தைக் கணித்தார்.

இத்தொகுதியில் ஊசலாட்டம் இல்லை. கீழ்த்தொட்டி மேலே என்ன நடக்க வேண்டும் என்று சொல்வதில்லை அல்லவா? கீழ்மட்டத்தைப் பார்த்து மேல்மதகைத் திருப்பும் ஓர் ஆளை நிறுத்துங்கள். அவர் கை போதிய வேகமாக இருந்தால் ஐகன் மதிப்புகள் கலப்பெண்களாகி, நீர்மட்டம் ஏறியும் இறங்கியும் அடங்கும். அணியில் ஓர் உறுப்புத்தான் மாறியது, போக்கே மாறிவிட்டது.

வினாத்தாளில் "தீர்க்க" என்று இருக்கும் இடத்தில் "என்ன நிகழும், ஏன்?" என்றும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பாடத்திட்டம் மாறும் வரை நம் மன்றம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாலை, இரண்டு தகர டப்பாக்களை மேலும் கீழுமாக வைத்துத் தமிழிலேயே பேசிப் பார்ப்போம். வெறும் துளை மட்டும் போடாதீர்கள். துளை வழியே ஓடும் நீர் உயரத்தின் இருபடி மூலத்தைப் பின்பற்றும், தொகுதி நேரியலாக இராது. மெல்லிய நீண்ட குழாயைப் பொருத்துங்கள். குழாய்க்கு நான் பொறுப்பு. டப்பாக்களை விடுதிச் சமையற்கட்டில் கேட்டு வாங்குபவர் யார்?