முட்டை தேடும் இரவுகள்

ஜனவரி பிறந்துவிட்டால் சென்னைக் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு வார இறுதித் தூக்கம் போய்விடும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறக்குறைய 7 கிலோமீட்டர், நள்ளிரவில் அலையோரமாக நடப்பார்கள். தேடுவது பங்குனி ஆமையின் தடத்தை. ஆலிவ் ரிட்லி என்று பாடநூல் சொல்லும் அந்தக் கடலாமை கரையேறி, குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு நாய்கள் வரும். தப்பிப் பொரிந்த குஞ்சுகளோ தெருவிளக்கின் வெளிச்சத்தைக் கடலென்று நம்பி, சாலைப் பக்கம் ஊர்ந்து செத்துப்போகும். அதனால்தான் மாணவர்கள் முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்து மணலில் புதைத்துக் காக்கிறார்கள்.

வனத்துறை நடத்திவந்த பொரிப்பகப் பணி நின்றுபோனபோது, 1988-இல் இதைக் கையிலெடுத்தது மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. யாரும் மதிப்பெண் தரவில்லை.

மதிப்பெண் தரும் ஏற்பாடும் உண்டு. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு பின்னர் இளநிலைப் படிப்புகளுக்கு வகுத்த ஆறு மாதப் பாடத்தில், நூற்றுக்கு 25 மதிப்பெண் களப்பணிக்கு. நல்ல யோசனைதான். ஆனால் பல இடங்களில் அந்தக் களப்பணி, சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதுவதோடு முடிகிறது. சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று நட்ட மரக்கன்றுக்கு ஆகஸ்டில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

கடற்கரையில் நடப்பது வேறு. அழைத்துப் போவது பெரும்பாலும் ஒரு நண்பன். முதல் இரவில் ஆமை கண்ணில் படாமலே போகலாம். ஆனாலும் அடுத்த வாரம் வரச் சொல்லி ஒரு கூட்டம் காத்திருக்கிறது. கையில் முட்டையை ஏந்தியவருக்கு அது பொரிந்ததா என்று அறியும் ஆவல் வந்துவிடுகிறது. ஏறத்தாழ 45 நாள் அந்த ஆவல் அவரைக் கரைக்கே இழுத்துவரும். அக்கறை பிறப்பது இப்படித்தான். பருவத் தேர்வு அதைப் பிறப்பிப்பதில்லை.

ஆவல் இருந்தும் வர முடியாதவர்கள் பலர். இருட்டுவதற்குள் பூட்டப்படும் பெண்கள் விடுதி, பகுதிநேர வேலை, பின்னிரவில் ஓடாத பேருந்து ஆகியவற்றைக் கணக்கில் எடுக்காமல் "இளைஞர்களுக்கு ஆர்வமில்லை" என்பது அநியாயம்.

இந்த அக்கறைக்குத் தேவையோ கூடியிருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலைப் படகுகளுக்குத் தடை இருந்தும் இந்தச் சாவு.

சென்னைக் கல்லூரிகள் அந்த 25 மதிப்பெண்ணை இந்த நடைக்கே தரலாம். மாணவிகளுடன் ஒரு பேராசிரியை வருவதும், அந்த ஓர் இரவு விடுதிக் கதவு திறந்திருப்பதும் முடியாத காரியங்கள் அல்ல. அடுத்த ஜனவரிக்கு முன் எந்தக் கல்லூரியும் இதை முடிவுசெய்யலாம்.