பழைய கார், ஏறும் பிரீமியம்: மரக்காணம் பகுதி விவசாயிகள் எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது?

மரக்காணம் வட்டாரத்து உழவர் கூட்டங்களில் சவுக்கு, நிலக்கடலை, தர்ப்பூசணி பற்றிய கேள்விகள் முடிந்ததும் அண்மைக் காலமாக வேறொரு கேள்வி வருகிறது. "வண்டி வருஷத்துக்கு வருஷம் பழசாகுது, விலை குறையுது. இன்சூரன்ஸ் மட்டும் ஏன் சார் ஏறுது?" நியாயமான கேள்விதான். வேளாண்மைப் பக்கத்தில் கார் இன்சூரன்ஸுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். விதை மூட்டை ஏற்றுவது, அறுவடைக்கு ஆள் அழைத்து வருவது, அவசரத்துக்கு ஜிப்மருக்கு ஓடுவது எல்லாம் இந்தப் பழைய ஆம்னியிலும் சுமோவிலும்தான். அதற்கு ஆகும் செலவும் சாகுபடிச் செலவில் ஒரு பங்குதான்.

முதலில் பிரீமிய ரசீதைப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான தேர்டு பார்ட்டி காப்பீடு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ம் பிரிவுப்படி இது கட்டாயம். மற்றொன்று, உங்கள் வண்டிக்கே வரும் சேதத்துக்கான காப்பீடு. இது உங்கள் விருப்பம். இரண்டும் சேர்ந்ததைத்தான் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்கிறோம்.

தேர்டு பார்ட்டி கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. காரின் வயது அதில் கணக்கே இல்லை, என்ஜின் அளவு மட்டும்தான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 1000 சி.சி. வரையுள்ள கார்களுக்கு ரூ.2,094, 1000 முதல் 1500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. புதுப்பிக்கும் நாளில் புதிய அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2015-16-ல் இதே மூன்றாம் பிரிவுக்கு ரூ.4,931 இருந்தது.

கிராமத்தில் அடி வாங்குவது யார் என்று இங்கேதான் தெரிகிறது. பழைய டாடா சுமோ 1948 சி.சி., குவாலிஸ் 2446 சி.சி., பழைய பொலிரோ 2523 சி.சி. விலைக்குப் போட்டால் லட்ச ரூபாய் தேறுமா என்று சந்தேகப்படும் சுமோவுக்கும், நகரத்தில் ஓடும் அரைக்கோடி ரூபாய் சொகுசு காருக்கும் ஒரே கட்டணம்: வரியோடு ரூ.9,318. பின்னாளில் வந்த 1493 சி.சி. பொலிரோவுக்கு வரியோடு ரூ.4,031 போதும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விலையோடு சி.சி.யையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வண்டிக்கும் பத்தாயிரம் ரூபாய் விலை வித்தியாசம் என்றால் இரண்டே ஆண்டில் அது பிரீமியத்தில் கரைந்துவிடும்.

சரக்கு வண்டியில் நிலைமை இன்னும் மோசம். வாடகைக்கு ஓடும் நான்கு சக்கரச் சரக்கு வண்டியில், மொத்த எடை 7,500 கிலோ வரை ஒரே பிரிவு, கட்டணம் ரூ.16,049. தர்ப்பூசணி ஏற்றும் டாடா ஏஸும் ஏழு டன் லாரியும் ஒரே தட்டில் நிற்கின்றன. இது சரியான வகைப்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. சிறு சரக்கு வண்டிக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று விவசாயிகள் சங்கங்கள் கேட்கலாம். ஒரு சிறு ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டியின் தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. ஏஸ் வண்டிக்கு ரூ.1,123 மிச்சம். ரசீதில் 5 சதவீதம்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காருக்கு இந்தச் சலுகை கிடையாது. அதே நாளில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு வரி நீங்கியதைக் கேள்விப்பட்டு, கார் இன்சூரன்ஸுக்கும் நீங்கிவிட்டது என்று சிலர் நினைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை.

சொந்த விளைச்சலை மட்டும் ஏற்றும் வண்டிக்கு, சொந்தச் சரக்கு வாகனம் என்ற பிரிவில் கட்டணம் ரூ.8,510, அதாவது பாதிதான். உண்மையிலேயே அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றாதவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள். பாதிக் கட்டணத்தில் எடுத்துவிட்டு வாடகைக்கும் ஓட்டினால், விபத்து நாளில் அதுவே கம்பெனிக்குக் காரணமாகிவிடும்.

எங்கே குறைக்கலாம்

தேர்டு பார்ட்டி தொகை எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். அதில் தள்ளுபடி தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பாலிசி போலியாக இருக்கலாம். பணம் கொடுத்த மறுநாள் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பேரம் பேச இடமிருப்பது சொந்தச் சேதப் பகுதியில். 2007 முதல் இதன் விலையைக் கம்பெனிகளே முடிவு செய்கின்றன. வழக்கமான ஏஜென்ட் அனுப்பியதை அப்படியே கட்டாமல் மூன்று இடங்களில் விலை கேட்டால் நல்ல வித்தியாசம் தெரியும்.

ரசீதில் ஐ.டி.வி. என்று அச்சிட்டிருப்பதுதான் வண்டியின் காப்பு மதிப்பு. ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு இதை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறைய வேண்டும் என்று மதிப்பை அடிமட்டத்துக்குக் குறைப்பதும் தவறு, ஏற்றி வைப்பதும் வீண்.

இப்போது ஒரு கணக்கு. பன்னிரண்டு வயதான 796 சி.சி. கார், காப்பு மதிப்பு ரூ.90,000 என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் மோதி ரூ.25,000 செலவு: பிளாஸ்டிக் பாகம் 8,000, இரும்புப் பாகம் 12,000, கூலி 5,000. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு எப்போதும் பாதி கழிவு. பத்து ஆண்டு தாண்டிய வண்டியில் இரும்புப் பாகத்துக்கும் பாதி கழிவு. ஆக 20,000-ல் 10,000 போகும். கூலியைச் சேர்த்து 15,000. அதிலிருந்து கட்டாயக் கழிவு 1,000 போக, கைக்கு வருவது ரூ.14,000. மீதி 11,000 உங்கள் பை.

அதோடு முடியவில்லை. ஆண்டுக்காண்டு கோரிக்கை இல்லாமல் ஓட்டினால் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.4,000 என்று இருந்து, பாதி போனஸில் 2,000 கட்டி வந்தவர், அடுத்த ஐந்து புதுப்பித்தலில் 4,000, 3,200, 3,000, 2,600, 2,200 என்று கட்ட வேண்டும். கூடுதல் ரூ.5,000, வரியோடு ரூ.5,900. எனவே ஐயாயிரம் ரூபாய்க்குள் முடியும் பழுதுக்கு க்ளெய்ம் போடாதீர்கள். கையிலிருந்து செய்துகொள்வதே லாபம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் இந்தப் போனஸ் போய்விடும்.

வேறு சில மிச்சங்களும் உண்டு. சொந்தக்காரர் ஓட்டும்போது நேரும் விபத்துக்கான ரூ.15 லட்சம் காப்பு ஒருவருக்கு ஒன்று போதும். பைக், கார் என்று ஒரே பெயரில் உள்ள ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே சில நூறு ரூபாய் பிடித்தால், ஏற்கெனவே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். சேதத்தில் முதல் இவ்வளவு ரூபாயை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் சொந்தச் சேதப் பிரீமியம் குறையும். ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் கூட ஓடாத வண்டிக்கு, ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டும் திட்டத்தை 2022 ஜூலை முதல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்திருக்கிறது, பழைய வண்டிக்குத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா

இது பெரும்பாலோர் எடுக்கும் முடிவு. மதிப்பு லட்சத்துக்குக் கீழே போன வண்டிக்கு நானும் இதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இதனால் எதை இழக்கிறோம் என்று ஏஜென்ட்டுகள் சொல்வதில்லை. தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள காரில் உட்கார்ந்து வருபவர்கள், சட்டத்தின் கண்ணில் மூன்றாம் நபர்கள் அல்லர். 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டப்படியான குறைந்தபட்சப் பாலிசி காருக்குள் இருப்பவரைக் காக்காது, முழுப் பாலிசி காக்கும் என்று வேறுபடுத்திக் காட்டியது. பக்கத்து வீட்டுக்காரரைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகும்போது வண்டி புளியமரத்தில் மோதினால், அவர் குடும்பம் கேட்கும் நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் கட்டத் தவறினால், 174-ம் பிரிவுப்படி நிலவரி பாக்கியைப் போல ஆட்சியர் மூலம் வசூலிக்கலாம். அதாவது நிலத்தின் மீது கை வைக்கலாம்.

எனவே அடிக்கடி நான்கு பேரை ஏற்றும் வண்டியானால், காப்பு மதிப்பு குறைவாக இருந்தாலும் முழுப் பாலிசியை விடாதீர்கள். மதிப்பு குறைவு என்பதால் சொந்தச் சேதப் பிரீமியமும் பெரிதாக இருக்காது. அந்தத் தொகையில் உள்ளே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பை மட்டும் சேர்ப்பது அதற்கு ஈடாகாது. அதில் வரம்பு சில லட்சம்தான்.

நடவுக்கும் உப்பளத்துக்கும் ஆள்களைச் சரக்கு வண்டியில் நிற்க வைத்து அழைத்துப் போவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எந்தப் பாலிசி எடுத்தாலும் இதற்குக் காப்பு இல்லை. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ தவிர, சரக்கு வண்டியில் போகும் மற்றவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிராக்டர் டிரெய்லரில் கூலியாட்களை ஏற்றுபவர்களும் இதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு ஷேர் ஆட்டோ வாடகை இதைவிட மலிவு.

புயல், உவர்க் காற்று, பணமில்லாத மாதங்கள்

நம் கடற்கரைக்கு இரண்டு தனிச் சிக்கல்கள். உப்புக் காற்றில் அடிச்சட்டமும் கதவின் கீழ்ப்பகுதியும் துருப்பிடிப்பது தேய்மானக் கணக்கு; எந்தப் பாலிசியிலும் பணம் வராது. உப்பளப் பாதையில் போய் வந்தால் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவதும், மழைக்கு முன் துருத் தடுப்புப் பூச்சு கொடுப்பதும்தான் இதற்குக் காப்பீடு.

மற்றது வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த இரு நாளில் ஊத்தங்கரையில் சாலையோர வேன்கள் அடித்துச் செல்லப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு ரூபாய் கிடைக்காது. கழுவேலிக் கரையிலோ பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலோ தாழ்வான இடத்தில் வண்டி நிற்கிறதென்றால் முழுப் பாலிசிக்கு இது இன்னொரு காரணம். மேட்டில் இருப்பவர் யோசித்து முடிவு செய்யலாம். முழுப் பாலிசி இருந்தாலும், தண்ணீரில் மூழ்கிய வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போய் உடைவதைப் பின்விளைவுச் சேதம் என்று கம்பெனி தள்ளிவிடும். படம் எடுங்கள், கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

உப்பு ஓட்டம் ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி செப்டம்பர் வாக்கில் ஓய்கிறது. பாலிசி அக்டோபரிலோ நவம்பரிலோ முடிபவருக்குக் கையில் காசில்லாத நேரமும் புயல் நேரமும் ஒன்றாக வருகின்றன. "பொங்கல் கழித்துக் கட்டிக்கொள்ளலாம்" என்று விடுவது அப்போதுதான். காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை ரூ.2,000, மறுமுறை ரூ.4,000 அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. விடுபட்ட பிறகு சொந்தச் சேதக் காப்பு எடுக்க வண்டியைப் பரிசோதனைக்கும் காட்ட வேண்டும். ஆகஸ்டிலேயே தொகையை எடுத்துவைத்து, கெடு தேதிக்கு ஒரு மாதம் முன்பே கட்டிவிடுங்கள். புதிய பாலிசி பழையது முடிந்த மறுநாளிலிருந்துதான் தொடங்கும், எதுவும் நஷ்டமில்லை.

புதுச்சேரியிலிருந்து பழைய வண்டி வாங்குபவர்கள் ஆர்சி புத்தகத்தையும் பாலிசியையும் உடனே தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பாலிசி மாற்றத்துக்கு 14 நாள் கெடு. பழைய சொந்தக்காரரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அதை மறைத்துத் தள்ளுபடி வாங்கினால் க்ளெய்ம் நாளில் சிக்கல். விற்றவருக்கும் எச்சரிக்கை: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இருபது ஆண்டு தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் இன்சூரன்ஸோடு இன்னொன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அதன் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ.5,000-லிருந்து ரூ.10,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. சுமோ போன்ற பெரிய என்ஜின் வண்டியில் இவை எல்லாம் சேரும்போது, தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுப்பதே மலிவாக இருக்கக்கூடும். ஆண்டுக்கு எத்தனை நாள் வண்டி வெளியே போகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து முடிவு செய்யுங்கள்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டாலோ, கேட்காத இணைப்புகளைப் பிரீமியத்தில் சேர்த்திருந்தாலோ முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் சரியில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதன் பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. பாலிசி நகல், க்ளெய்ம் எண், மறுப்புக் கடிதம் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.