பழைய இரும்புக்குக் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் வீதியால் பழைய இரும்பு எடுக்கும் லாண்ட்மாஸ்டர் ஒன்று போனது. தகரம், சைக்கிள் ரிம், உடைந்த கதிரைகளுக்கு நடுவில் ஒரு நெஷனல் பனசொனிக் டேப் ரெக்கோடர் கிடந்தது. கைபிடி மட்டும்தான் இல்லை. நிறுத்திக் கேட்டோம். நிறைக்குத்தான் வாங்கினாராம். முந்நூறு ரூபா கொடுத்து இறக்கி எடுத்தோம். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கெசட். மேலே பேனையால் எழுதியிருந்த மையெல்லாம் கரைந்து "வாப்பா" என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது.

போட்டுக் கேட்கவில்லை. அது வேறு வீட்டுக் கதை. இரும்புக்காரரைத் தேடிப் பிடித்து எந்த வீடு என்று கேட்டு, கொண்டுபோய்க் கொடுத்தோம். பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த வீட்டு உம்மம்மா மட்டும் கெசட்டை வாங்கி சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டா. எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை ஏன் எழுதுகிறோம் என்றால், எங்கள் வீட்டில் இதே பிழையை நாங்களே செய்திருக்கிறோம். எங்கள் வாப்பா சவூதியில் இருந்த காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி அனுப்புவார். ஒரு பக்கம் உம்மாவுக்கு, மற்றப் பக்கம் பிள்ளைகளுக்கு. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவை விட்டு வெளியேற்றப்பட்டபோது எத்தனையோ சாமான்களைப் போட்டுவிட்டு வந்த உம்மா, அந்தக் கெசட்டை உடுப்புப் பைக்குள் வைத்துப் புத்தளம் வரை கொண்டுவந்தா. ஆனால் 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அரவிந்த அடிக்கிறார், கொமென்டரியைப் பதிய வேண்டும், கையில் வெறும் கெசட் இல்லை. மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வெளியேற்றத்திலும் தப்பிய குரல் ஒரு கிரிக்கெட் மெச்சில் அழிந்தது. வாப்பா இப்போது இல்லை. உம்மா அதைப் பற்றி ஒரு நாளும் எங்களை ஏசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

கெசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. அதை எங்களுக்கு அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த அதே காலத்தில், இங்கே வன்னியில் பெட்டரி தடை செய்யப்பட்ட பொருள். கரண்டும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ ஓடியதாம். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடுமாம். செத்த பெட்டரியை வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணித்தியாலம் இழுத்தார்களாம். இரவு பிபிசி தமிழோசைக்காக ஒழுங்கையே ஒரு முற்றத்தில் கூடுமாம். மீளக் குடியேறி வந்த பிறகு பக்கத்து வீட்டு ஐயா சொல்லித்தான் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அவரும் நாங்களும் முதன்முதலில் மனம்விட்டுப் பேசியது ரேடியோவைப் பற்றித்தான். அவர் மயில்வாகனனின் குரலைப் பற்றிச் சொல்ல, நாங்கள் அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டைப் பற்றிச் சொல்ல, தேத்தண்ணி ஆறிப்போனது. அவர் நோன்பு காலத்தில் முஸ்லிம் சேவையையும் கேட்டிருக்கிறார்!

இப்போது பழைய ரேடியோவுக்கு ஒரு மவுசு வந்திருக்கிறது. தெற்கிலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஹோட்டல் வரவேற்பறையில் பொலிஷ் போட்டு வைக்கிறார்கள். விற்கிறவரைக் குறை சொல்ல மாட்டோம், வீட்டில் காசுத் தேவை இருக்கும். ஆனால் பேசாத ரேடியோவை அழகுக்கு வைப்பது எங்களுக்குப் பிடிப்பதில்லை. வயரும் பெல்ட்டும் போட்டு ஓட வைத்தால்தான் அது ரேடியோ. எங்கள் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு டேப்பைக் கழற்றிக் காட்டினோம். பாதிப் பேர் கெசட்டைத் தலைகீழாகச் செருகினார்கள். நாடா சிக்கினால் பேனையை விட்டுச் சுற்றலாம் என்று காட்டியதும் வகுப்பே கைதட்டியது. இரண்டு காந்தப் பாடத்தை விட அந்த அரை மணித்தியாலம் பிரயோசனம்.

"பாட்டுக் கெசட்டைச் சேர்த்து வைக்கலாமா சேர்?" என்று ஒரு சகோதரர் கேட்டார். அந்த விவாதத்தை மௌலவிமாரிடம் விட்டுவிடுவோம். நாங்கள் சொல்வது நிக்காஹ் நாளில் பதிந்த பெரியவர்களின் துஆ, பழைய பயான்கள், வெளிநாட்டிலிருந்து வந்த குரல் கடிதங்கள், பாடசாலை விளையாட்டுப் போட்டி வீடியோக்கள் பற்றி. தமிழ்ச் சகோதரர்கள் பலர் 2009இல் அல்பத்தைக் கூட இழந்தவர்கள். ஆனால் கலியாண வீடியோவில் ஒரு பிரதி அந்தக் காலத்திலேயே கனடாவுக்கோ லண்டனுக்கோ போயிருக்கும். அங்கே உள்ள மாமா, சித்தியிடம் இன்றே கேளுங்கள். அவர்களும் வீடு மாறும்போது குப்பையில் போடத்தான் போகிறார்கள்.

காலம் அதிகம் இல்லை. கெசட் 1963இல் பிலிப்ஸ் கம்பனி கொண்டுவந்தது, விஎச்எஸ் 1976இல் ஜேவிசி. விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பனியும் 2016இல் நிறுத்திவிட்டது. புதுசு இனி வராது. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் எங்கள் வெக்கையில் தார் மாதிரி உருகி ஒட்டுகிறது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தால் தயவுசெய்து டெக்கில் போடாதீர்கள். நாடாவும் போகும், ஹெட்டும் போகும். கெசட்டைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். அலுமாரியின் அடித்தட்டு வேண்டாம், ஈரம்.

ஊருக்குப் பொதுவானது என்று நினைப்பதை நூலக நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். 2005இலிருந்து நூல்களை மின்வடிவாக்கி வருகிறவர்கள். ஒலி, ஒளிப்பதிவுகளுக்கு ஆவணகம் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். வீட்டுக் குரல்களை யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை.

அதற்கு எங்களிடம் ஓடும் நிலையில் டேப் இரண்டும், ரிமோட் இல்லாத டெக் ஒன்றும் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்போம். கொண்டுவந்தால் பக்கத்தில் நீங்களே இருக்க, போனில் போட்டுத் தருவோம். காசு வேண்டாம். மூலக் கெசட் உங்களுக்கே. மழை நாளில் மட்டும் கொண்டுவராதீர்கள்.