காட்டுக்கு எத்தனை கண்கள்?

“இனிக் காடுகளைப் பற்றிக் கவலையில்லை, விண்ணிலிருந்து செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும்” என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். விஞ்ஞானம் தந்த அந்தக் கண்ணை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், அது காட்டியதைக் கண்டு செயற்படும் ஆட்சி இல்லையேல் பயன் என்ன?

பிரேசில் நாட்டைப் பாருங்கள். 2004-ஆம் ஆண்டில் அமேசான் காட்டில் ஏறத்தாழ 27,700 சதுர கிலோமீட்டர் அழிந்தது. அதன்பின், செயற்கைக்கோள் எச்சரித்ததும் அதிகாரிகள் களத்திற்கே விரைந்தனர், அபராதம் விதித்தனர். 2012-இல் அழிவு ஏறத்தாழ 4,600 ஆகக் குறைந்தது. பின்னர் ஆட்சியின் பிடி தளர்ந்தது. 2021-இல் அது 13,000-ஐத் தாண்டியது. செயற்கைக்கோள் கண்ணை மூடவில்லை, ஆட்சிதான் மூடிக்கொண்டது.

நம் நாட்டிலோ வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி மலைக் கிராமத்தில், 1992 ஜூன் 20 அன்று, கடத்திய சந்தனமரத்தைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். வீடுகள் நொறுங்கின, 18 பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர். 2011-இல் 215 பேர் தண்டிக்கப்பட்டனர். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதி வர எத்தனை ஆண்டுகள்! காக்கும் கையையே கண்காணிக்க எந்தச் செயற்கைக்கோள் உண்டு?

அதற்குரிய கண் மலைமக்களிடம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் அளித்திருக்கிறது. விண்ணில் எடுத்த படம் அலுவலகத்தோடு நில்லாமல் அச்சபையின் முன்னும் வைக்கப்பட வேண்டும்.

காஞ்சி மாணவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவு மட்டும் பட்டாகாது. ஊடையும் ஓட வேண்டும். விஞ்ஞானம் பாவு; மக்கள் ஊடை.