கணினிச் சொற்களும் நம் கடமையும்

சொல் என்பது பொருளைத் தாங்கிவரும் கலம். பொருளின்றி ஒலி மட்டும் செவியிற் படுமாயின் அது வெறுங்கலமேயாகும். இற்றை நாளில் நம்மவர் நாவில் வழங்கும் கணினிச் சொற்கள் பலவும் இங்ஙனம் வெறுங்கலங்களாகவே உலவுகின்றன. மெமரி, கிளவுட், லிங்க், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. என்பனவற்றைக் கேளாத இல்லம் இன்று அரிது; அவற்றின் பொருளைத் தெளிய உணர்ந்த இல்லமோ அதனினும் அரிது. பொருள் என்னுஞ் சொல் நம் மொழியிற் சொல்லின் கருத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும். கணினித் துறையில் இவ்விரண்டும் பிரியாது நிற்றலைக் காண்கின்றோம். சொற்பொருள் அறியாதார் கைப்பொருளை இழக்கின்றனர். ஆதலின், அச்சொற்களுட் சிலவற்றை எளிய முறையில் விளக்கி, அவை பற்றிக் கற்றார்க்குள்ள கடமையையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இச்சொற்கள் அஞ்சத்தக்கன அல்ல என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். கம்ப்யூட்டர் என்னும் ஆங்கிலச் சொல் பொறிக்கு உரியதாவதற்கு முன்னர், கணக்கிடுந் தொழிலையுடைய மனிதரையே குறித்து வழங்கியது. வானநூலார்க்கும் மாலுமிகட்கும் வேண்டிய வாய்பாடுகளைக் கையாற் கணித்துத் தந்தோர் அப்பெயர் பெற்றிருந்தனர். மனிதர் செய்த தொழிலைப் பொறி மேற்கொண்டபோது பெயரும் உடன் சென்றது. பிற சொற்களும் கோப்பு, சாளரம், வலை, மேகம் என அன்றாடப் பொருள்களினின்றும் கடன் கொள்ளப்பட்டனவேயாம். கடன் வாங்கிய பெயர் சிலவிடத்து விளக்கம் தரும். சிலவிடத்து மயக்கமும் விளைக்கும்.

மயக்கத்திற்குத் தக்க சான்று மெமரி என்னும் சொல். கைப்பேசி வாங்கப் புகுவார்க்குக் கடைக்காரர் 8 ஜி.பி., 128 ஜி.பி. என இரண்டு எண்களைக் கூறுவர். அளவை ஒன்றேயாயினும் அவற்றாற் குறிக்கப்படுவன வேறு. முன்னையது ராம் எனப்படும் தற்காலிக நினைவகம். பின்னையது ஸ்டோரேஜ் எனப்படும் சேமிப்பகம். நம் வகுப்பறைக் கரும்பலகையையும் நூல்நிலையத்தையும் நினைவு கூர்க. பாடம் நிகழுங்கால் வேண்டுவன பலகையில் எழுதப்படும், மணியடித்தபின் அழிக்கப்படும். நூல்நிலையத்து நூல்களோ நிலைத்திருக்கும். அங்ஙனமே மின்சாரம் நின்றவுடன் ராமில் உள்ளவை மறையும்; சேமிப்பகத்தில் உள்ளவை மறையா. தட்டெழுதிய கட்டுரையைச் சேவ் செய்க என்பது, பலகையில் உள்ளதை ஏட்டிற் பெயர்த்து வைக்க என்பதேயாம். கைப்பேசி மந்தமாய் இயங்கின் பலகை சிறிதாயிருத்தல் கூடும். படங்களை ஏற்க மறுக்கின் நூல்நிலையம் நிறைந்திருத்தல் கூடும். இவ்வேறுபாட்டை அறிந்தவர் வேண்டாததற்கு விலை கொடார்.

இவ்வளவையின் அடிப்படை பிட் எனப்படும். ஆம், இல்லை என்னும் இரண்டனுள் ஒன்றைக் குறிக்கும் மிகச்சிறு செய்தித் துணுக்கே பிட். கிளாட் ஷானன் என்னும் அறிஞர் 1948-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை இச்சொல்லை அறிவுலகிற் பரப்பிற்று. 8 பிட் கொண்டது ஒரு பைட். ஏறத்தாழ நூறு கோடி பைட் கொண்டது ஒரு ஜி.பி. எழுத்துக்களும் பொறியினுள் எண்களாகவே நிற்கும். 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துக்கட்கும் எண்கள் வகுக்கப்பட்டன. இன்று பெருவழக்காயுள்ள முறைப்படி, தமிழ் என்னுஞ் சொல் 15 பைட் இடங்கொள்ளும். பொறி தமிழை ஏற்றுக்கொண்டுவிட்டது. பொறியைப் பற்றிய விளக்கத்தைத் தமிழுக்குத் தருதலே எஞ்சி நிற்கும் பணி.

இனி, இணையத்தையும் வலையையும் ஒன்றெனக் கருதுவார் பலர். இணையம் கணினிகளைப் பிணைக்கும் பாதை. அதற்கு முன்னோடியாகிய ஆர்ப்பாநெட்டில் 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-இல் முதற்செய்தி சென்றது. வலையோ, 1989-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் வகுத்த திட்டத்தினின்று பிறந்தது. ஒரே தண்டவாளத்தின்மீது பல வண்டிகள் ஓடுதல் போல, இணையத்தின்மீது வலைப்பக்கங்களும் மின்னஞ்சலும் வாட்ஸப் செய்திகளும் செல்கின்றன. கிளவுட் என்னும் மேகமும் வானத்தில் இல்லை. பிறர்க்குரிய கட்டடங்களில், இரவும் பகலும் மின்சாரம் உண்டு இயங்கும் கணினித் தொகுதிகளே அம்மேகம்; சென்னையை அடுத்த சிறுசேரியிலும் அத்தகைய தரவு மையம் உண்டு. ‘என் படங்கள் மேகத்தில் உள்ளன’ என்பவர், ‘என் படங்கள் பிறர் கிடங்கில் உள்ளன’ என்று தமக்குள் மொழிபெயர்த்துக் கொள்வாராயின், எதை ஆங்கு வைக்கலாம், எதை வைத்தல் ஆகாது என்னும் எண்ணம் தானே எழும்.

நிற்க. பொருளிழப்பிற்கு நேரே வாயிலாகும் சொற்கள் சில உள. அவற்றுள் லிங்க் ஒன்று. அதனைத் தொடுதல் ஒரு முகவரிக்குச் செல்லுதலாகும். தபால் முகவரியில் வீட்டின் பெயர் முன்னும் ஊர்ப்பெயர் பின்னும் வருதல் போல, வலைமுகவரியிலும் பிற்பகுதியே உரியவரைக் காட்டும். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விடுத்து, அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டிற்கு முன்னர், புள்ளிகளாற் பிரிக்கப்பட்டு இறுதியில் நிற்கும் பெயரை நோக்குக. வங்கியின் பெயர் தொடக்கத்தில் இருந்து, இறுதியில் அறியாத பெயர் நிற்குமாயின், அது கள்வன் தெருவில் வங்கிப் பலகை மாட்டிய வீடேயாம். தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்று இருத்தலும் நாணயத்திற்குச் சான்றாகாது. இடையிலுள்ளோர் நம் உரையாடலை ஒட்டுக்கேட்க இயலாது என்பதே அதன் பொருள். உரையாடும் எதிராளி நல்லவன் என்பது அன்று.

ஓ.டி.பி. என்பதோ இன்னும் கொடிது. ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுச்சொல் என்பதே அதன் விரிவு. அம்மூன்றெழுத்து ஆங்கிலம் அறியாத மூதாட்டிக்கு ஒன்றும் உணர்த்தாது. ‘அம்மா, தங்கள் கைப்பேசிக்கு ஓர் எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள்’ என்று ஒருவன் பணிவுடன் கேட்பின், அவர் கூறிவிடுவார். ‘தங்கள் பணப்பெட்டியின் சாவியைக் கொடுங்கள்’ என்று அவனே கேட்பின் கொடுப்பாரோ? கேட்கப்பட்டது ஒன்றே, சொல் தெரியாமையால் சாவி கைமாறிற்று. 2016-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் வழங்கிவரும் யு.பி.ஐ. முறைக்குரிய பின் எண்ணும் அத்தகையதே. நம் கணக்கினின்றும் பணம் வெளியே செல்வதற்கு அவ்வெண் வேண்டும். பணம் பெறுதற்கு அது வேண்டுவதில்லை. ‘தங்கட்குப் பணம் அனுப்புகிறேன், பின் எண்ணை இடுக’ என்பவன் பணம் பறிக்க வந்தவன் எனத் தெளிக. இவ்வொரு வாக்கியத்தை ஊர்தோறும் உணர்த்தினால் எத்துணைக் குடும்பங்கள் காக்கப்படும்!

இவ்விடத்து அறிஞர் சிலர், கம்ப்யூட்டர் என்பதா, கணிப்பொறி என்பதா, கணினி என்பதா என வழக்காடுவர். தூய சொல் ஆக்குதல் நற்பணியே. அதனை நாம் இகழ்ந்தோமல்லோம். ஒருமுறைக் கடவுச்சொல் என்னும் தமிழ்த்தொடர் தன் பொருளைத் தானே உரைத்தலையும் மேலே கண்டோம். ஆயினும், சொல் எதுவாயினும் அதன் பொருள் கேட்போர் உள்ளத்திற் பதிதலே தலையாயது. மக்கள் வழங்கும் ஓ.டி.பி.யை நாவினின்று நீக்குதற்கு நாட்கள் பல ஆகும். அதன் பொருளை விளக்குதற்கு ஒரு நாழிகையும் வேண்டா. வேறு சிலர், கணினிக் கலை நாளுக்கு நாள் மாறுவது, பாமரர் அதனைத் தொடர இயலாது என்பர். புதுக் கருவிகள் வருவது மெய்யே. எனினும் சாவியைப் பிறர் கையிற் கொடுத்தலாகாது என்னும் நெறி எக்கருவி வரினும் மாறாதன்றோ?

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும் நுங்கள் கையில் நுண்ணிய கருவிகள் உள. இல்லத்துப் பெரியோர், ‘தம்பி, இதை அமுக்கிக் கொடு’ என்று வேண்டுங்கால், அமுக்கிக் கொடுத்தலோடு அமையாது, அமுக்கியதன் பொருளையும் அவர் மொழியிற் கூறுங்கள். பொறுமையின்றி, ‘உங்கட்கு விளங்காது’ என்று கூறற்க. வயலையும் வாணிகத்தையும் நடத்திய அறிவிற்குச் சாவியும் முகவரியும் விளங்காமற் போகா. ஒருகால் எவரேனும் ஏமாற்றப்படின், அவரைக் கடிந்து காலம் போக்காது, இந்திய அரசின் இணையக் குற்ற உதவிக்குரிய 1930 என்னும் தொலைபேசி எண்ணுக்கு உடனே அறிவிக்கச் செய்யுங்கள். பணம் பல கணக்குகட்குச் சிதறுமுன் அறிவித்தாலன்றி மீட்டல் அரிது.

கல்லூரிக் கல்வி கற்றவர் ஒருவர்க்கே உரிய உடைமை அன்று. அவர் பெற்ற விளக்கு அவர் வீட்டுத் திண்ணையிலும் ஒளிர வேண்டும். ஒவ்வொருவரும் ஓர் இல்லத்திற்கு ஐந்து சொற்களின் பொருளை உணர்த்துவரேல், சொற்பொருளும் கைப்பொருளும் ஒருங்கே காக்கப்படும் என்பது திண்ணம்.